காருக்குள் இருந்தது ரத்தம்தானா?

படிவம் நான்கில் உணவுப் பரிசோதனை செய்திருப்பீர்கள். சோதனைக் குழாயில் உணவுக் கரைசல், அதோடு கொஞ்சம் பெனடிக்ட் கரைசல், பிறகு கொதிநீரில் சூடு. நீலம் மாறிச் செங்கல் சிவப்பு வந்தால் நமக்கும் முகம் மலர்ந்துவிடும். உடனே அறிக்கையில் ‘குளுக்கோஸ் உள்ளது’ என்று எழுதிவிடுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன். எங்கள் ஆசிரியை அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “குளுக்கோஸ் என்று அந்தக் குழாய் உன் காதில் வந்து சொன்னதா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. பாலில் உள்ள லாக்டோஸும் பழத்தில் உள்ள ஃபிரக்டோஸும் அதே சிவப்பைத்தான் தரும். ‘ஒடுக்கும் சர்க்கரை ஏதோ ஒன்று உள்ளது’ என்பதற்கு மேல் அந்தக் குழாய்க்கு எதுவும் தெரியாது.

எனக்கு இரண்டு மதிப்பெண் போனது. இதே தவறு ஆஸ்திரேலியாவில் ஒரு தாயை ஆயுள் தண்டனைக் கைதியாக்கியது. கைரேகை, ரத்தத்துளி, நுண்ணோக்கி என்று துப்பறியும் தொடர்களை விரும்பிப் பார்க்கும் மாணவர்கள் இந்த வழக்கைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

1980, ஆகஸ்ட் 17. ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே, செம்மண் பாலைவனத்தில் உலுரு என்ற மாபெரும் பாறை இருக்கிறது. அப்போது அதை ஏயர்ஸ் ராக் என்றே பலரும் அழைத்தார்கள். அங்கே முகாமிட வந்த குடும்பங்களில் ஒன்று சேம்பர்லேன் குடும்பம். தந்தை மைக்கல், குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் மவுண்ட் ஐசா என்ற தாமிரச் சுரங்க நகரில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் போதகர். தாய் லிண்டி. இரண்டு சிறு மகன்கள். ஒன்பது வாரக் கைக்குழந்தை அசாரியா.

இரவு எட்டு மணிவாக்கில் குழந்தையைக் கூடாரத்தில் தூங்க வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி மற்றவர்கள் சமைத்துக்கொண்டிருந்த இடத்திற்கு லிண்டி திரும்பினார். கொஞ்ச நேரத்தில் கூடாரப் பக்கம் குழந்தையின் அழுகுரல் கேட்டது. பார்க்கப் போன லிண்டி, கூடாரத்திலிருந்து ஒரு டிங்கோ வெளியே வருவதைக் கண்டு அலறினார். டிங்கோ என்பது அந்த நாட்டுக் காட்டு நாய். கூடாரத்துக்குள் ரத்தக் கறை இருந்தது. குழந்தை இல்லை. அந்த இரவே நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். ஒரு வாரம் கழித்துப் பாறையின் அடிவாரத்தில் குழந்தையின் கிழிந்த, ரத்தம் படிந்த உடை கிடைத்தது. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

முதல் மரண விசாரணை 1981 பிப்ரவரியில் முடிந்தது. விசாரணை அதிகாரி டெனிஸ் பாரிட், குழந்தையை டிங்கோதான் தூக்கிச் சென்றது என்று முடிவு சொன்னார். அந்த முடிவைத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பவும் செய்தார்கள். அத்தோடு வழக்கு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? அசாரியா என்றால் ‘பாலைவனப் பலி’ என்று பொருளாம், பெற்றோர் நரபலி கொடுத்துவிட்டார்களாம் என்று ஒரு கதை கிளம்பியது. அந்தப் பெயருக்கு அப்படி ஒரு பொருளே கிடையாது. அது இறைவனின் துணையைக் குறிக்கும் எபிரேயப் பெயர். பேர் வைத்ததும் குற்றம், குழந்தைக்குக் கறுப்பு உடை தைத்ததும் குற்றம், தொலைக்காட்சியில் லிண்டி போதுமான அளவு அழவில்லை என்பது எல்லாவற்றிலும் பெரிய குற்றம். பெற்ற வயிறு இப்படியா பேசும் என்று வீட்டுக்கு வீடு தீர்ப்பு எழுதினார்கள். சமூக ஊடகம் என்ற ஒன்று அன்று இல்லை. அதற்கே இந்த நிலை.

இதற்கிடையில் காவல்துறை குழந்தையின் உடையை லண்டனுக்கு அனுப்பியது. அங்கிருந்த தடயவியல் பேராசிரியர் ஜேம்ஸ் கேமரன், புற ஊதா ஒளியில் பார்த்தபோது துணியில் ரத்தம் தோய்ந்த கைப்பதிவு தெரிந்ததாகவும், குழந்தையின் கழுத்து கூர்மையான கருவியால் அறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் கருத்துச் சொன்னார். வழக்கு மறுபடியும் திறக்கப்பட்டது. 1981 செப்டம்பரில், சம்பவம் நடந்து பதின்மூன்று மாதம் கழித்து, அந்தக் குடும்பத்தின் மஞ்சள் நிற ஹோல்டன் டொரானா காரைக் காவல்துறை கைப்பற்றியது. தடயவியல் ஆய்வாளர்கள் அந்தக் காரைத் துருவினார்கள். முன் இருக்கைப் பக்கத்தில் ரத்தம் என்றார்கள். அதிலும் ‘சிசுவின் ரத்தம்’ என்றார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிப்போம். வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முதலில், ரத்தமா என்று பார்க்கும் சோதனை. ஆர்த்தோடொலிடின் என்ற வேதிப்பொருளையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கறையில் இட்டால், ரத்தம் இருந்தால் நீல நிறம் வரும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அந்த வினையைத் தூண்டிவிடும். ஆனால் அந்த வினையைத் தூண்ட ரத்தம்தான் வேண்டும் என்பதில்லை. சில காய்கறிகளில் உள்ள நொதிகளும் தூண்டும், தாமிரச் சேர்மங்களும் தூண்டும். அதனால்தான் இதை முதற்கட்டச் சோதனை என்பார்கள். ‘இங்கே மேலும் ஆராயலாம்’ என்று கை காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. சேம்பர்லேன் குடும்பம் எந்த ஊர்? மவுண்ட் ஐசா. தாமிரத் தூசி காற்றிலேயே மிதக்கும் ஊர். அந்த ஊர்க் கார் ஒன்றில் நீல நிறம் வந்தால் அதற்கு என்ன எடை கொடுப்பது?

அடுத்து, ரத்தம் யாருடையது என்ற கேள்வி. அன்று மரபணுச் சோதனை நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் ஒரு வழி இருந்தது. பெரியவர்களின் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா சங்கிலியும் இரண்டு பீட்டா சங்கிலியும் இருக்கும். கருவில் வளரும் சிசுவின் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி. பிறந்து சில மாதங்களில் சிசு வகை குறைந்து பெரியவர் வகை வந்துவிடும். ஒன்பது வாரக் குழந்தையிடம் சிசு வகை இன்னும் கணிசமாக இருக்கும். ஆகவே காரில் சிசு ஹீமோகுளோபின் இருந்தால் அது கைக்குழந்தையின் ரத்தம். இந்த வாதத்தில் பிழை இல்லை.

பிழை கருவியில் இருந்தது. சிசு ஹீமோகுளோபினை அடையாளம் காண எதிர்ப்பொருள் கலந்த சீரம் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அந்த எதிர்ப்பொருள் காமா சங்கிலியை மட்டும் பிடித்தால் சோதனை சரி. இரண்டு வகைக்கும் பொதுவான ஆல்ஃபா சங்கிலியையும் பிடித்துவிட்டால்? அப்போது எந்த மனிதரின் ரத்தமும் ‘சிசு ரத்தம்’ போலவே தெரியும். எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவியை வைத்துக்கொண்டு, ‘கதவு திறந்தது, ஆகவே இது என் வீடு’ என்று சொல்வதைப் போன்றது அது.

அந்தக் காரில் வேறொருவர் ரத்தம் படிந்திருக்க வாய்ப்பும் இருந்தது. குழந்தை பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, சாலை விபத்தில் அடிபட்டு ரத்தம் ஒழுகக் கிடந்த ஒருவரை இதே காரில்தான் சேம்பர்லேன் தம்பதி ஏற்றிச் சென்றார்கள். பெரியவர் ரத்தமா சிசுவின் ரத்தமா என்பதை அந்தச் சீரம் பிரித்துச் சொல்லுமா சொல்லாதா என்பதில் ஒரு பெண்ணின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

வழக்கு 1982 செப்டம்பரில் டார்வின் நகரில் தொடங்கியது. அரசுத் தரப்பின் கதை இது: லிண்டி குழந்தையைக் காருக்குக் கொண்டுபோய்க் கத்தரிக்கோல் போன்ற ஏதோ ஒன்றால் கழுத்தை அறுத்தார், உடலைக் காரில் மறைத்தார், சுத்தம் செய்துகொண்டு திரும்பி வந்து மற்றவர்களோடு உட்கார்ந்தார். இவ்வளவும் ஐந்து முதல் பத்து நிமிடத்திற்குள். அதே நடையில் மூத்த மகனுக்கு அவித்த அவரை டின் ஒன்றையும் எடுத்து வந்தாராம். ஏன் கொன்றார்? காரணம் எதையும் அரசுத் தரப்பு சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் சட்டத்தில் இல்லை.

எதிர்த் தரப்பில் நியூகாசல் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் பாரி பொட்சர் சாட்சி சொன்னார். இந்தச் சீரத்தை நம்பிச் சிசு ரத்தம் என்று முடிவு கட்ட முடியாது என்று விளக்கினார். சரி, பழைய சோதனைத் தட்டுகளை எடுத்துப் பார்த்தால் யார் சொல்வது சரி என்று தெரிந்துவிடுமே? தட்டுகள் இல்லை. ஆய்வகத்தின் வழக்கப்படி அவற்றை எறிந்துவிட்டிருந்தார்கள்.

ஜூரிகளின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். ஒன்பது ஆண்கள், மூன்று பெண்கள். யாரும் விஞ்ஞானி இல்லை. ஒரு நிபுணர் ஆம் என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். இருவருக்கும் பட்டம் இருக்கிறது. (நம் மலேசியாவில் ஜூரி முறை 1995-ல் ஒழிக்கப்பட்டது. ஆனால் நீதிபதியும் உயிரியலில் பட்டம் பெற்றுவிட்டு வருவதில்லை. அவருக்கும் இதே சிக்கல்தான்.) ஜூரிகளை முட்டாள்கள் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வியே தவறாக இருந்தது. ‘எந்த நிபுணரை நம்புவீர்கள்?’ என்பதற்குப் பதிலாக, ‘தன் சோதனையைப் பிறர் சரிபார்க்கும்படி வைத்திருப்பவர் யார்?’ என்று கேட்டிருந்தால் விடை எளிது. சரிபார்க்க முடியாத சோதனை எவ்வளவு உறுதியான குரலில் சொல்லப்பட்டாலும் அது ஒருவருடைய கருத்துத்தான்.

1982 அக்டோபர் 29-ல் தீர்ப்பு வந்தது. லிண்டிக்குக் கடுங்காவலோடு ஆயுள் தண்டனை. மைக்கலுக்கு, உடந்தை என்று பதினெட்டு மாதம், அது நிறுத்திவைக்கப்பட்டது. லிண்டி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. சிறைக்காவலில் இருக்கும்போதே இன்னொரு பெண்குழந்தை பிறந்தது. 1984-ல் உயர்ந்த நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம்.

இனி எதிர் வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். லிண்டி மீது சந்தேகம் கொண்டவர்கள் எல்லாரும் வதந்தியை நம்பியவர்கள் அல்லர். குழந்தையின் மேலுடையில் மேல் பொத்தான்கள் சில மட்டுமே திறந்திருந்தன. நாய் பொத்தானைக் கழற்றுமா? துணியின் கிழிசல் கத்தரித்தது போல இருந்தது. இழைகள் வெட்டுப்பட்ட விதத்தைப் பார்த்து, இது பல்லால் வராது, கத்தரிக்கோல்தான் என்றார் நெசவுத் துறைப் பேராசிரியர் ஒருவர். உடையில் டிங்கோவின் எச்சில் தடயம் கிடைக்கவில்லை. இவை உண்மையான புதிர்கள். அன்று நான் செய்தித்தாளில் படித்திருந்தால் எனக்கும் சந்தேகம் வந்திருக்கும்.

ஆனால் சந்தேகம் வருவது வேறு, எடை போடுவது வேறு. எடை போட ஒரு வழி இருக்கிறது. கணிதப் பாடத்தில் நிகழ்தகவு படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். எந்தச் சான்றைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இவர் குற்றவாளி என்றால் இந்தச் சான்று கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? நிரபராதி என்றால் இதே சான்று கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றால் அந்தச் சான்றின் எடை பூஜ்யம். அது எவ்வளவு பயங்கரமாகத் தோன்றினாலும் பூஜ்யம்தான். ஒரு விடைக்கும் மற்றொரு விடைக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் மட்டுமே தராசுத் தட்டு இறங்கும்.

இப்போது தட்டில் ஒவ்வொன்றாக வைப்போம். தொலைக்காட்சியில் அழவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களில் கதறுகிறவர்களும் உண்டு, உறைந்துபோகிறவர்களும் உண்டு. எடை பூஜ்யம். காரில் நீல நிறம். தாமிர ஊர்க் காரில், ஏற்கெனவே காயம்பட்டவரை ஏற்றிய காரில், கொலை நடக்காவிட்டாலும் அந்த நிறம் வரும். அநேகமாகப் பூஜ்யம். எச்சில் இல்லை என்பது? லிண்டி முதலிலிருந்தே ஒன்றைச் சொல்லி வந்தார்: குழந்தை அந்த உடைக்கு மேல் ஒரு சின்னக் கம்பளிச் சட்டை அணிந்திருந்தது. அப்படியொரு சட்டை இருந்தால் எச்சில் அதில்தான் படிந்திருக்கும். அது கிடைக்காததால் லிண்டி பொய் சொல்கிறார் என்றார்கள். கிடைக்காத பொருளை இல்லாத பொருளாக்கிவிட்டார்கள்.

உடை கிடந்த நிலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒழுங்காக மடித்து வைத்தது போல இருந்ததா, சிதறிக் கிடந்ததா என்று நீதிமன்றத்தில் பெரிய சர்ச்சை. ஆனால் புகைப்படம் எடுப்பதற்கு முன்பே காவலர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டார். தடயத்தைத் தொடுமுன் படம் எடுக்க வேண்டும் என்பது பால பாடம். அதைத் தவறவிட்ட பிறகு அந்தப் படத்தை வைத்து எதை நிரூபிப்பது?

மறு தட்டுக்கு வருவோம். லிண்டி திரும்பி வந்து மற்றவர்களோடு நின்றிருந்த பிறகே கூடாரத்திலிருந்து குழந்தை அழுத சத்தம் கேட்டது என்றார் அருகே முகாமிட்டிருந்த ஒரு பெண். அன்று மாலைதான் சேம்பர்லேன் குடும்பத்தோடு பழகியவர். பொய் சொல்லி அவருக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. லிண்டி நிரபராதி என்றால் அந்த அழுகுரல் இயல்பானது. அரசுத் தரப்பின் கதைப்படி அந்த நேரத்தில் குழந்தை உயிரோடு இருக்கவே முடியாது. அந்தப் பெண்ணின் காது ஏமாந்தது என்று காட்டினால் தவிர, இந்த ஒரு சான்று முழுக் கதையையும் கவிழ்த்துவிடும். அதைவிடக் கனமான சான்று அரசுத் தரப்பிடம் எதுவும் இல்லை.

இன்னும் உண்டு. சேம்பர்லேன் வீட்டில் நாய் கிடையாது. ஆனால் குழந்தையின் உடையில் நாய் இனத்தின் முடிகள் இருந்தன. சம்பவத்துக்குச் சில வாரங்களுக்கு முன் அதே பகுதியில் ஒரு டிங்கோ சிறுமி ஒருத்தியைக் காரிலிருந்து இழுத்திருந்தது. டிங்கோக்களுக்கு மனித பயம் விட்டுப்போய்விட்டது என்று அங்கிருந்த தலைமை வனக்காவலர் முன்பே எழுத்து மூலம் எச்சரித்திருந்தார். அந்த மண்ணின் பூர்வகுடியினர், தடம் பார்ப்பதில் தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்தவர்கள், கூடாரத்துப் பக்கமிருந்து செல்லும் டிங்கோவின் கால்தடத்தைப் பின்தொடர்ந்தார்கள். அது எதையோ சுமந்து சென்றதையும், நடுவில் கீழே வைத்து எடுத்ததையும் மணலில் படித்துச் சொன்னார்கள். இதுவும் அவதானிப்புதான், அனுமானம்தான். மணலைப் படிக்க வெள்ளை அங்கியோ பட்டமோ தேவைப்படவில்லை. அதனாலேயே பலருக்கு அது அறிவியலாகத் தெரியவில்லை போலும். பாலைவனத்தையே பார்த்திராத லண்டன் பேராசிரியரின் சொல்லுக்குக் கிடைத்த மரியாதை, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் சொல்லுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இந்த வழக்கில் மிகவும் உறுத்துவது இதுதான்.

பிறகு நடந்தது யாரும் திட்டமிடாதது. 1986-ன் தொடக்கத்தில் உலுரு பாறையில் ஏறிய ஆங்கிலச் சுற்றுலாப் பயணி ஒருவர் தவறி விழுந்து இறந்தார். பிப்ரவரி 2-ஆம் தேதி அங்கே நடந்த தேடுதலில், டிங்கோக்களின் வளைகள் இருக்கும் பக்கம், மண்ணில் பாதி புதைந்த ஒரு சின்னக் கம்பளிச் சட்டை கிடைத்தது. இல்லவே இல்லை என்று சொல்லப்பட்ட அதே சட்டை. ஐந்து நாளில் லிண்டி விடுதலையானார்.

நீதிபதி டிரெவர் மார்லிங் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. சோதனைகள் ஒவ்வொன்றாக மறுபடியும் புரட்டப்பட்டன. சீரத்தைத் தயாரித்த ஜெர்மன் நிறுவனமே, அதை மட்டும் வைத்துச் சிசு ரத்தம் என்று உறுதி செய்ய முடியாது என்று தெரிவித்திருந்தது. லண்டனில் ரத்தக் கைப்பதிவாகத் தெரிந்தது பெரும்பாலும் உலுருவின் செம்மண். நாயின் பல்லும் துணியைக் கத்தரித்தது போல வெட்டும் என்பதை, லிண்டியை நம்பிய சிலர் தாங்களே சோதனை செய்து காட்டினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. காரின் முன்பகுதிக்கு அடியில், தகட்டில் பீச்சியடித்தது போன்ற கறை ஒன்று இருந்தது. குழந்தையின் கழுத்து நாளத்திலிருந்து பீறிட்ட ரத்தம் என்று நீதிமன்றத்தில் காட்டப்பட்ட கறை. அதே ரக டொரானா கார்கள் வேறு சிலவற்றைத் திறந்து பார்த்தார்கள். அங்கேயும் அதே இடத்தில் அதே கறை! கார் ஓடும்போது இரைச்சல் கேட்காமலிருக்கத் தொழிற்சாலையில் தெளிக்கும் தார் போன்ற பூச்சு அது. ரத்தமே இல்லை. ரத்தமே இல்லாத ஒன்றைத்தான் சோதனை ‘சிசு ரத்தம்’ என்று சொல்லியிருந்தது.

இன்னொரு டொரானா காரைத் திறந்து பார்ப்பது என்ன பெரிய கண்டுபிடிப்பா? நீங்கள் படிவம் ஒன்றில் படித்த கட்டுப்பாட்டுச் சோதனைதான் அது. குழாய் ‘அ’-வில் உணவு, குழாய் ‘ஆ’-வில் வெறும் தண்ணீர். கொலை நடந்ததாகச் சொல்லப்படும் கார் ஒன்று, கொலை நடக்காத கார் ஒன்று. 1981-லேயே யாராவது ஒருவர் இரண்டாவது காரைத் திறந்திருந்தால், அந்தக் கறை நீதிமன்றப் படி ஏறியிருக்காது.

ஆகவே ‘அறிவியல் ஒரு நிரபராதியைச் சிறையில் தள்ளியது’ என்று யாராவது சொன்னால் எனக்கு உடன்பாடில்லை. சிறையில் தள்ளியது பாதி செய்த அறிவியல். வெளியே கொண்டுவந்ததில் மீதிப் பாதிக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த மீதிப் பாதியைச் செய்ய ஆறு ஆண்டு பிடித்தது என்பதையும், ஒருவர் பாறையிலிருந்து விழாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு பிடித்திருக்கும் என்பதையும் மறந்துவிட்டு அறிவியலுக்கு மாலை போடவும் எனக்கு மனமில்லை.

மார்லிங் ஆணையம் என்ன முடிவு சொன்னது என்பதையும் கவனமாகப் படிக்க வேண்டும். ‘டிங்கோதான் தூக்கியது என்பது ஐயமற நிரூபணமாகிவிட்டது’ என்று அது சொல்லவில்லை. இப்போது தெரியவந்த விவரமெல்லாம் அன்றே நீதிமன்றத்தில் இருந்திருந்தால், விடுதலை செய்யும்படி நீதிபதி ஜூரிகளுக்கு உத்தரவிட்டிருப்பார் என்றது. இரண்டும் ஒன்றல்ல. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பது ஒரு முடிவு. உண்மையில் என்ன நடந்தது என்பது வேறு முடிவு. 1988 செப்டம்பரில் இருவர் மீதான தீர்ப்பும் ரத்தானது. இருந்தும் 1995-ல் நடந்த மூன்றாவது மரண விசாரணை, இறப்புக்கான காரணத்தை முடிவாகச் சொல்லாமல் திறந்தே வைத்தது. பலருக்கு இது வெறும் சொல் விளையாட்டாகத் தெரியலாம். அந்தக் குடும்பத்துக்கு அப்படி இல்லை. ‘நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான்’ என்ற பார்வையோடுதான் அக்கம்பக்கம் அவர்களைத் தொடர்ந்து பார்த்தது. திரைப்படம் வந்தது. ‘டிங்கோ என் குழந்தையைத் தூக்கிவிட்டது’ என்பது அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் சிரிப்பு வசனமானது.

லிண்டி விடவில்லை. டிங்கோக்கள் மனிதரைத் தாக்கிய சம்பவங்களை ஒன்றுவிடாமல் சேர்த்து அதிகாரிகளிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். 2001-ல் குவீன்ஸ்லாந்தின் ஃபிரேசர் தீவில் ஒன்பது வயதுச் சிறுவனை டிங்கோக்கள் கொன்றன. அதற்குப் பிறகு, டிங்கோ அப்படியெல்லாம் செய்யாது என்று சொல்ல ஆளில்லை. 2012 ஜூன் 12-ல் விசாரணை அதிகாரி எலிசபெத் மோரிஸ், அசாரியாவை டிங்கோதான் தூக்கிச் சென்று கொன்றது என்று முடிவு அறிவித்தார். பெற்றோரிடம் தன் வருத்தத்தையும் தெரிவித்தார். முதல் விசாரணையில் பாரிட் சொன்னதற்கே வந்து சேர முப்பத்தொரு ஆண்டு ஆனது.

எங்கள் ஆசிரியை ஒரு வழக்கம் வைத்திருந்தார். அறிக்கையில் ‘முடிவு’ என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, ‘இதே முடிவு வேறு எதனால் வந்திருக்கலாம்?’ என்று எழுதச் சொல்வார். எஸ்.பி.எம். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது என்று நாங்கள் முணுமுணுப்போம். இன்று பாடத்திட்டம் எழுதும் இடத்தில் நான் இருந்தால் அந்த ஒரு வரிக்கு இரண்டு மதிப்பெண் ஒதுக்குவேன். கட்டுப்பாட்டுக் குழாயை மறந்தவருக்கு, நிறம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், மதிப்பெண் தரமாட்டேன்.

அந்த மஞ்சள் டொரானா கார் இப்போது கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அசாரியாவின் கறுப்பு உடையும் அங்கேதான்.